முயல் காது

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசைக்குப் போய்விட்டு வந்து, மட்டக்கடை முனையில் இருக்கும் தன் வீடியோ கேம் கடையின் ஷட்டரை ஜெசிந்தா பாதி தூக்கும்போது மகனிடமிருந்து அழைப்பு வந்துவிடும். மணி பத்தேகால். ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்காது.

முதலில் அவளுக்கு உறுத்தியது அந்தப் பத்தேகால்தான். மகன் ஜோவின் பிறந்ததே ஆஸ்பத்திரியில் சொன்ன தேதிக்குப் பதினோரு நாள் கழித்து. பள்ளிக்கூடம், பஸ், புதுநன்மைப் பூசை என்று எதற்கும் நேரத்துக்குப் போன சரித்திரம் அவனுக்குக் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் பசிபிக் கடலின் நட்டநடுவில், கடலடியில் தாது தோண்டும் கப்பலில் இருந்துகொண்டு, மணி பார்த்து அம்மாவைக் கூப்பிடுகிறான் என்றால் ஒன்று அவனுக்குப் பொறுப்பு வந்திருக்க வேண்டும், இல்லை வேறென்னவோ நடந்திருக்க வேண்டும்.

"யம்மா, சாப்ட்டியா?"

"நான் சாப்ட்டது இருக்கட்டும். நீ என்னல தின்ன?"

"மீன் கொழம்புதான். ஆனா ஒன் கையால வெச்ச மாதிரி வராதும்மா."

பாருங்கள், இந்த இடத்தில்தான் இடித்தது. இருபத்து நாலு வருஷத்தில் அவள் வைத்த குழம்பை ஒரு பொழுது நல்லது என்று சொன்னவனா அவன்? உப்புக் கூட, புளி குறைச்சல், நேற்று மீனா இது, இதுதான் அவன் வாயில் வரும். கப்பல் ஏறின பிறகும் அப்படித்தான் இருந்தான். பேசும்போது அவளைப் பார்க்க மாட்டான், வேறெங்கோ பார்ப்பான், நடுவில் யாரையாவது ஏசுவான், ரெண்டு நிமிஷத்தில் 'சரிம்மா' என்று வைத்துவிடுவான். இந்த நாலு மாசமாகத்தான் இப்படி. கண்ணைப் பார்த்துப் பேசுகிறான். மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கிறான். எந்தத் தாய்க்கும் இது கசக்குமா? கசக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் திங்கட்கிழமையிலிருந்தே காத்திருந்தாள். காத்திருந்துகொண்டே பயந்தாள்.

பயம் தாங்காமல் ஒருநாள் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"நடுக்கடல்ல லைன் ரொம்ப மெலிசா இருக்கும் மேடம். முகம் முழுசா வந்து சேராது. வராத இடத்த எங்க சிஸ்டம் நிரப்பிக் கொடுக்கும். இடைநிரப்புன்னு சொல்லுவோம். அவரோட பழைய கால், குரல், படம் எல்லாம் வெச்சு அவர மாதிரியே நிரப்பும். குடும்பத்துக்கு மனசு கஷ்டம் வரக்கூடாதுல்ல?"

"எவ்வளவு நிரப்பும்?"

"தேவையான அளவு மேடம்."

"அது எவ்வளவும்மா? காலா, அரையா? நான் பாக்கதுல எம்புள்ள எவ்வளவு, ஒங்க மிஷின் எவ்வளவு?"

"அந்த அளவ வெளிய சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல மேடம்."

"முழுசுமே மிஷினா இருந்தா?"

"உங்க மகன் நல்லா இருக்கார்னுதான் ரெக்கார்டுல இருக்கு மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறென்ன உதவி வேண்டும்! போலீசுக்குப் போனாள். அங்கே ஒரு ஏட்டையா, பாவம், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கையை விரித்தார். "வாராவாரம் பேசுதான்னு நீங்களே சொல்லுதிய. காணும்னு எப்படிம்மா எழுத? இணைப்பில்லாத படம் ஏதாவது இருந்தாக் கொண்டாங்க, பாப்போம்."

இந்த இணைப்பில்லாத படம் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த முகத்தையும் எந்த இடத்திலும் நிஜம்போலச் செய்துவிடலாம் என்று ஆன பிறகு, போட்டோ, வீடியோ எதையும் கோர்ட் நம்புவதை விட்டுவிட்டது. இணைய வலையில் ஒருநாளும் சேராத, சேரவே வழியில்லாத பழைய கருவியில் எடுத்த படம், எடுத்த சில்லிலேயே இருந்தால் மட்டும் சாட்சி என்று சட்டம் வந்தது. அப்படி ஒரு கருவிக்கு எங்கே போவது? பொம்மைக் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் டிங்கோ என்று ஒரு கையடக்க வீடியோ கேம் இருந்தது. உள்ளங்கை அகலம், பச்சைத் திரை. அதற்கு மாட்டுவதற்கென்று அந்தக் காலத்துக் கிறுக்கர்கள் என்னென்னவோ செய்து விற்றார்கள். விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, தபால்தலை அளவுக்குப் படம் அச்சடிக்கும் குட்டி மிஷின், அப்புறம் கேமரா. கேம் கேசட் மாதிரியேதான் அதுவும். மேலே தவளைக் கண் போல ஒரு உருண்டை, முன்னும் பின்னும் திருப்பலாம். நாலே நாலு சாம்பல் நிறம். முப்பது படம் பிடிக்கும், அதற்கு மேல் இடமில்லை. படத்தில் இருக்கிறவர் தலையில் தானாகவே ரெண்டு முயல் காது வைக்கும். காது வேண்டாம் என்று சொல்ல அதில் பொத்தான் கிடையாது. செய்தவர்களுக்கு அதுதான் வேடிக்கை. அந்த வேடிக்கை இப்போது சட்டமாகிவிட்டதால், பத்திரப்பதிவு ஆபீசில் நிலத்தை விற்கிறவரும் வாங்குகிறவரும் முயல் காதோடு நின்றார்கள்.

ஜெசிந்தாவிடம் டிங்கோவில் ரெண்டு இருந்தன, தவளைக் கேசட்டும் ரெண்டு. ஜோவின் கப்பல் ஏறும்போது ஒரு ஜோடியைக் கொடுத்தனுப்பினாள். கப்பலில் எல்லாருடைய போனையும் ஏணியடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், வீட்டோடு பேசுவது கம்பெனித் திரையில் மட்டும்தான். இதைப் பார்த்துவிட்டு, 'விளையாட்டுச் சாமான்தானே, கொண்டு போ' என்று விட்டுவிட்டார்கள். யாராவது கரைக்கு வந்தால் கேசட்டைக் கொடுத்துவிட வேண்டும், இதுதான் தாய்க்கும் மகனுக்கும் பேச்சு. அஞ்சாம் மாசம் புன்னைக்காயல்காரர் ஒருத்தர், கப்பலில் சமையல்காரர், முதல்தடவை அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தார். அதில் ஒரு படத்தில் ஜோவின் யாரையோ வாயைத் திறந்து ஏசிக்கொண்டிருந்தான், தலையில் காதோடு. அவள் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். கேசட்டைக் காலி செய்து அவரிடமே திருப்பி அனுப்பினாள். அது மறுபடி வருவதற்காகத்தான் இப்போது காத்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும், மெல்கி வந்து நின்றான்.

மெல்கி ஜோவினோடு ஒரே வகுப்பு, ஒரே கப்பல். இந்தக் கடையில்தான் ரெண்டு பேரும் ஒரே டிங்கோவுக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தார்கள். கடைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அதனால் மெல்கிக்கும் அவள் அக்காதான், சினேகிதனின் அம்மா என்றாலும்.

"ஏல மெல்கி! எப்பம்ல வந்த? என்னல இப்படி வத்திப்போய் கெடக்க? ஜோ எங்க?"

"இப்பதான்க்கா, ஏர்போர்ட்லருந்து நேரா வாரேன்." அவன் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். "போட்டுப் பாருங்கக்கா."

"அவன் எப்படில இருக்கான்?"

"போட்டுப் பாருங்கக்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எறங்கும்போது கம்பெனிக்காரன் எங்க எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கிட்டான். கப்பல்ல நடந்தத வாயால சொல்லக் கூடாது, எழுதிக் குடுக்கக் கூடாதுன்னு. காட்டக் கூடாதுன்னு எழுதல. காட்டுறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னு நெனச்சிட்டான்."

தாளைப் பிரித்தாள். பதினாலு மாசக் கடல் காற்று கேசட்டைச் சும்மா விட்டிருக்கவில்லை. அடியில் வரிசையாக இருக்கும் பித்தளைப் பற்கள்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் கைக்கு எட்டும் தூரத்தில், மேஜை டிராயரில் இருந்தன. துடைத்து, அஞ்சு நிமிஷம் காயவைத்து, பிறகு போட வேண்டும். இது அவளுக்குத் தெரியாதா? கடைச் சுவரில் 'கேசட்டை ஊதக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் எழுதிப் போட்டிருப்பது யார்? அவள்தான். ஊதுகிற பிள்ளைகளின் மண்டையில் குட்டுவது யார்? அவளேதான். மூச்சில் ஈரம் இருக்கிறது, பித்தளையில் உப்பு இருந்தால் அந்த ஈரம் பட்டதும் மின்சாரம் போகக் கூடாத வழியில் போகும், படத்தைப் பிடித்து வைத்திருக்கும் பொட்டு பேட்டரி ஒரு நொடியில் படுத்துவிடும், படம் அத்தனையும் போகும் என்று எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறாள்.

ஆனால் வீடியோ கேம் விளையாடி வளர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். கேசட்டைக் கையில் எடுத்தால் அது தானாக வாய்க்குப் போகும். ஏழு வயதில் படிந்த பழக்கம் ஐம்பத்தொரு வயதில் எங்கே போகும்? மகன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில், ஜெசிந்தா கேசட்டை உதட்டருகே கொண்டுபோய், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நன்றாக, அழுத்தி ஊதினாள்.

"எக்கா, ஊதாதீங்க!" என்று மெல்கி கத்தினான். அதற்குள் அவள் கேசட்டைச் சொருகிப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

டிங்கோ தன்னுடைய குஷியான பாட்டை வாசித்தது. பச்சைத் திரையில் தவளை ஒன்று குதித்துப் போனது. பிறகு எழுத்து வந்தது. படங்கள்: 0. காலி இடம்: 30.

அவள் கேசட்டைப் பிடுங்கினாள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள், சட்டையில் தேய்த்தாள், மறுபடி போட்டாள். பாட்டு, தவளை, பூஜ்யம். மூன்றாவது தடவையும் போட்டாள்.

"அவ்வளவும் போச்சாக்கா?" என்றான் மெல்கி.

"அதுல என்னல இருந்துச்சு?"

அவன் பிள்ளைகள் உட்காரும் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். வெளியே பழவண்டிக்காரர் கொய்யா விற்றுக்கொண்டு போனார்.

"ஜோ இல்லக்கா," என்றான். "ஜூன் மாசமே போயிட்டான்."

ஜெசிந்தா எழுந்து போய் ஷட்டரை இறக்கினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். சொன்னால் கேவலம், முதலில் வந்தது ஒரு நிம்மதி. நான் கிறுக்கச்சி இல்லை, சரியாகத்தான் பயந்திருக்கிறேன் என்கிற நிம்மதி. அடுத்த மூச்சில் அது போய்விட்டது. பெற்ற பிள்ளை செத்து நாலு மாசம் ஆகியிருக்கிறது, அவள் வாராவாரம் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு ஒரு மிஷினிடம் மூட்டு வலியைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பதினேழு ஞாயித்துக்கெழம," என்றாள். "பதினேழு வாரம் நான் யார்ட்டல பேசிக்கிட்டிருந்தேன்?"

"ஜோ ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான்லா, அந்தக் கான்ட்ராக்ட் முடியிற வரைக்கும் பேச வைப்பாங்கக்கா. நடுவுல சொன்னா விசாரண வரும். முடிஞ்சப்புறம் அவனே வேற கப்பலுக்கு ஓடிப் போயிட்டான்னு சொல்லிருவான். முன்னாடி ஒரு ஒடிசாக்காரனுக்கு அப்படித்தான் செஞ்சான். அதுக்குத்தான்க்கா நான் படம் எடுத்தேன். கோர்ட்ல காட்டலாம்னு..."

அவள்தான் ஊதினாள். அவள் வாய்தான். அந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையால் பொத்திக்கொண்டாள். மெல்கி அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

கையை எடுத்துவிட்டு, "படத்தச் சொல்லு," என்றாள்.

"எக்கா..."

"ஒண்ணு ஒண்ணாச் சொல்லு. நான்தானே கெடுத்தேன். நீ கண்ணால பாத்தத சொல்லு, நான் பாத்துக்கிடுதேன்."

அவன் சொன்னான். முதல் இருபத்தொன்று ஜோவின் எடுத்தது. கப்பல் கொடிக்கு முயல் காது. பல் விளக்கும் பிலிப்பைன்ஸ்காரனுக்கு முயல் காது. மெல்கி தூங்கும்போது எடுத்தது, கால் மட்டும். ஜோவின் தன்னைத்தானே எடுத்துக்கொண்டது ஆறு படம், ஆறிலும் நாக்கை நீட்டிக்கொண்டு. "ஒங்களுக்குத்தான்க்கா, பழிப்புக் காட்டுதான்." ஜெசிந்தா தலையை ஆட்டினாள். நாக்கை அவளால் பார்க்க முடிந்தது.

இருபத்தி ரெண்டாவது, சேற்றுத் தொட்டியின் வாய். உள்ளே இறங்கிக் கழுவ ஜோவினை அனுப்பியிருந்தார்கள். காற்றைச் சோதிக்கும் கருவி சரி என்று காட்டியது, ஆனால் உள்ளே சரியில்லை. இருபத்து மூன்று, கயிற்றில் கட்டி அவனை வெளியே தூக்குவது. கை ஆடியதால் எல்லாம் கலங்கலாக விழுந்த படம்.

"கப்பல்ல டாக்டர் கெடையாதுக்கா. ஸ்கிரீன்லதான் வருவாரு. நம்ம கையில ஒரு பட்ட கட்டிருப்பான், நாடி அது வழியா அவருக்குப் போவும். அன்னைக்கு மழ, லைன் விட்டு விட்டு வந்துச்சு. ஜோவோட கோடு கொஞ்சம் வரும், அந்து போவும், மறுபடி வரும். அப்புறம் நேராப் போயிட்டு. அவ்வளவு நேரம் இழுத்துக்கிட்டு இருந்தது, சுத்தமா, ஒரு எடத்துல ஒடையாம நேராப் போச்சுக்கா. டாக்டர் முடிஞ்சிட்டுன்னுட்டாரு. அந்த ஸ்கிரீன எடுத்தேன். அது இருபத்தி நாலு."

"ம்."

"இருபத்தஞ்சு, அவனத் தூக்கிட்டுப் போறது. மீன், கறி வைக்கிற குளிர் ரூம்லதான் வெச்சோம். வேற எடம் இல்ல. மத்தியானம் ஒரு படம் எடுத்தேன், சாயந்தரம் ஷிப்ட் முடிஞ்சு போய் ஒண்ணு எடுத்தேன், மறுநா காலையில ஒண்ணு." மெல்கி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எக்கா, ஒண்ணு சொல்லணும். நீங்க படத்தப் பாத்தா ஏசுவியன்னு வழி முழுக்க நெனச்சுக்கிட்டே வந்தேன். அந்த எழவெடுத்த கேசட் அவன் தலையிலயும் காது வெச்சிட்டு. செத்துக் கெடக்கான், தலையில மொயல் காது. கேலி பண்ண மாதிரி ஆயிட்டு. மத்தியானப் படத்துலயும் வெச்சுச்சு, சாயந்தரப் படத்துலயும் வெச்சுச்சு. நல்லவேள, காலையில எடுத்ததுல வரல."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

அவளுடைய அப்பா இறந்தபோது ஜோவினுக்கு ஒன்பது வயது. நடுவீட்டில் பெட்டி வைத்து, சுற்றிலும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, இந்தப் பயல் ஸ்டூல் மேல் டிங்கோவை வைத்துப் படம் எடுத்துவிட்டான். அன்று ராத்திரி அதைக் கொண்டுவந்து காட்டினான். அழுகிற அத்தைமார் அத்தனை பேர் தலையிலும் காது. 'தாத்தாக்கு மட்டும் ஏம்மா காது வெக்கல?' என்று கேட்டான். அவளுக்குப் பதில் தெரியும், தொழில் அல்லவா? அந்தக் காலத்து மிஷினுக்கு முகம் எது, பானை எது என்று தெரியாது. அது கண்மூடித் திறப்பதற்குள் ரெண்டு படம் எடுக்கும். ரெண்டையும் ஒப்பிட்டு, எது அசைந்திருக்கிறதோ அதன் உச்சியில் காதை வைக்கும். காற்றாடிக்கு வைக்கும், கொடிக்கு வைக்கும், சுவரில் மாட்டிய படத்துக்கு வைக்காது. அசையாததுக்கு வைக்காதுடா என்று சொல்லி மகனைக் கட்டிக்கொண்டு அவள் அன்றைக்குத்தான் முதல்தடவையாக அழுதாள். மெல்கிக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்கு அது விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான்.

"மெல்கி," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "அந்தப் படம் எடுக்கும்போது கையில பிடிச்சிருந்தியா?"

"இல்லக்கா. உள்ள மங்கல் வெளிச்சம், எனக்குக் கை நடுங்குச்சு. மீன் பெட்டி மேல வெச்சு எடுத்தேன்."

"ரெண்டு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"கப்பல் ஆடுச்சா?"

"ஆடுனா எல்லாம் சேந்துதானேக்கா ஆடும்."

ஆமாம், எல்லாம் சேர்ந்து ஆடினால் கேசட் காது வைக்காது. அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாள், வேறு ஏதாவது இருக்க வேண்டுமே என்று கேட்டாள். "உள்ள காத்தாடி கீத்தாடி? மேல துணி போட்டிருந்தியளா, அது பறந்துச்சா?"

"காத்தாடியெல்லாம் கெடையாது. தார்ப்பாய்ல சுத்தி இறுக்கக் கட்டியிருந்தோம், மூஞ்சி மட்டும் தொறந்திருந்துச்சு. அங்க ஒண்ணும் அசையாதுக்கா. ஏன்க்கா கேக்கிய?"

சேற்றுத் தொட்டியின் விஷக்காற்றில் மயங்கியவன். விட்டு விட்டு வந்த கோடு, திடீரென்று சுத்தமாக, ஒரு இடத்தில் உடையாமல் நேராகப் போயிருக்கிறது. அவ்வளவு மோசமான லைனில் அவ்வளவு சுத்தமான கோடு எங்கேயிருந்து வரும்? வராத இடத்தைச் சிஸ்டம் நிரப்பியிருக்கிறது. மரியாதையாக, அழகாக, தேவையான அளவு நிரப்பியிருக்கிறது. மத்தியானம் அவன் தலையை அசைத்திருக்கிறான். சாயந்தரமும் அசைத்திருக்கிறான். காலையில்தான் அசைக்கவில்லை. கட்டின தார்ப்பாய்க்குள், மீன் பெட்டிகளுக்கு நடுவில், அவள் பிள்ளை.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். சொன்னால் அது கொலை. சொன்னால் கேட்க ஆள் இருக்கும், எழுத ஆள் இருக்கும். ஆனால் படம் எங்கே? வாய்ச்சொல் மட்டும் எந்தக் கோர்ட்டில் நிற்கும்?

மெல்கி ஸ்டூலில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

"கதவ நான்தான்க்கா சாத்துனேன்," என்றான். "மத்தியானமும் நான்தான், சாயந்தரமும் நான்தான். அந்தக் கதவு ரொம்ப கனம், வெளியிலருந்து கம்பி போடணும். நான் போட்டேன். அவனத் தனியா விட்டுட்டு வாரோமேன்னு இருந்துச்சு. ரெண்டு தடவையும் அவன்ட்ட சொல்லிட்டுத்தான் சாத்துனேன், போயிட்டு வாரேன்ல மாப்ளன்னு. அந்தக் காத நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குக்கா. ஏன் ரெண்டுல வெச்சுச்சு, ஒண்ணுல வெக்கல? நீங்க கேசட் வேல தெரிஞ்சவங்க. அது எதுக்குக்கா அப்படிச் செய்யும்?"

அவனுக்கு இருபத்தஞ்சு வயது. இந்தக் கடையில் ஊதிக் குட்டு வாங்கின தலை அது. பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே, தன் சினேகிதனின் பிணம் என்று நினைத்து மூன்று தடவை படம் எடுத்து, உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது பழைய கேசட்டுல்லல," என்றாள் ஜெசிந்தா. "வெளிச்சம் குறைஞ்சா அதுக்குப் பித்துப் பிடிச்சிரும். மூஞ்சி மாதிரி எதக் கண்டாலும் காத வெக்கும். சொவத்துல மாட்டின படத்துக்குக்கூட வெக்கும். காலையில பேட்டரி எறங்கிருக்கும், அதான் வெக்கல."

"நெசமாவாக்கா?"

"நெசமாத்தான்ல. நான் எத்தன பாத்திருக்கேன்."

"அவன் கஷ்டப்படலியேக்கா?"

"இல்லல. தொட்டிக்குள்ளயே முடிஞ்சிருக்கும். அந்தக் காத்து அப்படித்தான். மயக்கம் வந்தது கூடத் தெரிஞ்சிருக்காது."

மெல்கி முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நாலு மாசம் அழாத அழுகை. அவள் எழுந்து போய் அவன் தலையில் கை வைத்தாள். அவள் உடம்பு முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது, கை மட்டும் அவன் முடியைக் கோதிக்கொண்டிருந்தது. பிறகு மீதி ரெண்டு படத்தையும் சொல்லச் சொன்னாள். தார்ப்பாயைத் தைத்தது ஒன்று. கடைசி, வெறும் கடல்.

"கோர்ட்டுக்கு வேணும்னா நான் வந்து சொல்லுதேன்க்கா," என்றான் கிளம்பும்போது. "கையெழுத்தாவது மண்ணாவது. எல்லாத்தையும் சொல்லுதேன்."

எல்லாத்தையும் அவன் சொன்னால், அந்தக் காதுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே எவனாவது ஒருத்தன் அவனுக்கு விளக்கிச் சொல்லிவிடுவான். "வேண்டாம்ல," என்றாள். "நீ வீட்டுக்குப் போ. ஒங்கம்மா பாத்துக்கிட்டிருப்பா. போய்த் தலைக்குக் குளிச்சிட்டுத் தூங்கு."

அவன் தூங்குவான். போகிற நடையிலேயே அது தெரிந்தது.

அந்த வாரம் அவள் கடை திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் சாமியாரைப் பார்த்து, இறந்தோர் பட்டியலில் ஜோவின் பெயரைச் சேர்க்கச் சொன்னாள். அவர் சான்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பீடத்திலிருந்து அவர் அந்தப் பெயரை வாசித்தபோது பின்வரிசையில் யாரோ, 'போன வாரம்கூட அவ மவன் பேசுனானே' என்று முணுமுணுத்தார்கள்.

பத்தேகாலுக்கு அழைப்பு வந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று நாலு நாளாக அவள் சேர்த்து வைத்திருந்தாள். நாசமாய்ப் போவீங்க என்று தொடங்கி, எட்டுத் தலைமுறைக்கும் வரிசையாக. போனை எடுத்தாள். ஜோவின் முகம் வந்தது. அவளை நேராகப் பார்த்தது.

"யம்மா, சாப்ட்டியா?"

அதில் அவன் ஒரு பொட்டுகூட இல்லை என்று அவளுக்குத் தெரியும். காலும் இல்லை, அரையும் இல்லை. முழுக்க முழுக்க அந்த மிஷின்தான். அவள் வாயைத் திறந்தாள். சேர்த்து வைத்தது ஒன்றும் வரவில்லை.

"ஜோ," என்றாள். "அங்க குளுருதால?"

முகம் ஒரு நொடி யோசித்தது. அம்மாவுக்கு மனசு கஷ்டம் வராமல் எதை நிரப்புவது என்று யோசித்திருக்கும்.

"குளிரா? இல்லம்மா. இங்க நல்ல வெயிலு. கதகதன்னு இருக்கேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

ஜெசிந்தா போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

"குளுரவே இல்லம்மா," என்றது அது.